கடைசி பஸ்ஸை விட்டுடு

அந்தப் பாட்டை எழுதியபோது பாட்டுக்காரருக்கு வயது இருபத்திரண்டு. கச்சேரிக்குப் போகிற வேனின் பின்சீட்டில், அரை மணி நேரத்தில் எழுதினார். "கடைசி பஸ்ஸை விட்டுடு, இன்னும் கொஞ்சம் இரு" என்று காதலியிடம் ஒருவன் வழிகிற கிண்டல் பாட்டு. அதற்குத் துள்ளலைக் கொடுத்தவர் டிரம்ஸ் வாசித்த நண்பர். சின்ன வயதில் கையில் கிடைத்த தகரத்தையெல்லாம் தட்டியதால் அவருக்கு டப்பா என்று பெயர் விழுந்து, பெற்றவர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு முப்பது வருடங்களில் பாட்டுக்காரர் எழுதிய வேறெதுவும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

இருவரும் பிரிந்தது அற்ப விஷயத்துக்கு. ஒரு கச்சேரியில் டப்பாவின் தாளம் பின்தங்கியது. பாட்டுக்காரர் மைக்கிலேயே, "என்னப்பா, மாட்டு வண்டி ஓட்டறியா?" என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. டப்பா குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அப்போதே அவருடைய நுரையீரல் கெட ஆரம்பித்திருந்தது. அது அவருக்கே தெரியாது. பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

டப்பா ஆஸ்பத்திரியில் படுத்ததும் அவருடைய மகள் பாட்டுக்காரருக்கு மூன்று முறை போன் செய்தாள். அப்பா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றாள். மூன்று முறையும் அடுத்த வாரம் வருகிறேன் என்றார். போகக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியாமல் நாளைக் கடத்தினார். நான்காவது போன் சாவுச் செய்தி. அன்று வெளியூரில் கச்சேரி இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சாவுக்கும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, முடிவெட்டும் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரரின் போனில் ஒரு பெண் குரல் பாடுவது கேட்டது. முதல் வரி முடிகிறவரை அது தன் பாட்டு என்றே அவருக்குப் புரியவில்லை. அவ்வளவு மெதுவாக இருந்தது. ஒரு வரி, பிறகு ஒரு இடைவெளி, பிறகு அடுத்த வரி. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் "இன்னும் கொஞ்சம் இரு" என்ற இடத்தில் கடைக்காரரின் கத்தி நின்றுவிட்டது.

யார் பாடியது என்று கேட்டார். யாரோ ஒரு அம்மா, சாகக் கிடந்த புருஷனுக்குப் பாடினாராம், மகள் பதிவு செய்து போட்டிருக்கிறாள் என்றார் கடைக்காரர். "பழைய பாட்டுதான் சார். அந்தக் காலத்துல எவனோ குத்துப்பாட்டா பாடிக் கெடுத்து வெச்சிருந்தான்."

பாட்டுக்காரருக்கு முதலில் வந்தது கோபம். வீட்டுக்குப் போய் அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். போட்டிருந்தது டப்பாவின் மகள். பத்துப் பதினைந்து தடவை கேட்டார். கேட்கக் கேட்கக் கோபம் வடிந்து பயம் வந்தது. தான் எழுதிய வரிகளில் இப்படி ஒரு பாட்டு ஒளிந்திருந்தது முப்பது வருடமாகத் தனக்கே தெரியவில்லையே என்று நினைத்தார்.

அந்த வாரமே ஓர் ஒலிப்பதிவுக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. பாட்டை முறையாக வெளியிட எழுதியவரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி இரைச்சலை எடுத்துவிட்டு, அடியில் லேசாக வயலின் சேர்ப்பதாகச் சொன்னார்கள். டப்பாவின் குடும்பத்துக்குத் தன்னால் செய்ய முடிந்தது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டார். மகளிடமிருந்து மூலப் பதிவையும் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம் கேட்டாயா என்று அவளை அவர் கேட்கவில்லை.

பாட்டு வெளியான மறுநாள் டப்பாவின் வீட்டுக்குப் போனார். டப்பாவின் மனைவி துணி தைக்கும் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வாங்கண்ணே என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. போனை எடுத்து மேசைமேல் வைத்து, பாட்டை ஓட விட்டார்.

அவள் தலைகுனிந்து கேட்டாள். இரண்டாவது வரியில் நிமிர்ந்தாள்.

"அவர் எங்கேண்ணே?"

அவருக்குப் புரியவில்லை. இரைச்சலையெல்லாம் எடுத்துவிட்டார்கள், உன் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்கிறது என்று விளக்கினார்.

"இரைச்சல் இல்லண்ணே. அது அவரோட மூச்சு."

அவள் சொன்னாள். அன்று மத்தியானம் டாக்டர் வந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். டப்பாவின் விரல் மட்டும் கட்டிலின் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. பாட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் ஓய்ந்துவிட்டது.

"அதுக்கப்புறம் மூச்சுதான் தாளம். அவர் இழுத்து விடறவரைக்கும் காத்திருப்பேன், அப்புறம் அடுத்த வரி எடுப்பேன். நானா ஒண்ணும் மெதுவா பாடலைண்ணே. அவர் அவ்வளவு மெதுவா வாசிச்சார்."

உள்ளே இருந்து மகள் வந்து, தன் போனிலிருந்த பழைய பதிவைப் போட்டாள். பாட்டுக்காரர் முதன்முறையாக அந்தக் கரகரப்பைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு மூச்சு, ஒரு வரி. ஒரு மூச்சு, ஒரு வரி. கடைசிச் சரணத்தில் இடைவெளிகள் நீண்டன. "விளக்கை அணைக்காதே" என்ற வரிக்குப் பிறகு மூச்சு வரவில்லை. அவள் குரல் காத்திருந்தது. பிறகு தாளமில்லாமல், மிச்சமிருந்த நான்கு வரிகளையும் பாடி முடித்தது.

"நின்னுடுச்சுன்னு தெரிஞ்சுதாம்மா பாடினே?" என்றார்.

"தெரிஞ்சுது. பாதியில விட்டா அவருக்குப் பிடிக்காது."

பாட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "மேடையில நான் அவனைச் சொன்னது..." என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கிட்டு, அதை அவர் கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போய், வயலினை எடுங்கள், மூச்சைத் திரும்ப வையுங்கள் என்றார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்கள். இந்த வடிவம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, இதில் என்ன குறை என்றார்கள். நாலைந்து முறை நடந்தார். பிறகு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கச்சேரிகளில் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னபோதெல்லாம், அது என் பாட்டு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் அடக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அடுத்த வருடம் அவரைக் கூப்பிடுவது குறைந்து, நின்றுபோனது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. டப்பாவின் மனைவி வேலை செய்யும் ஆலையிலும் மத்தியானம் ஸ்பீக்கரில் அதைப் போட்டார்கள். பக்கத்து மெஷின்காரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைத்தார்கள். பாடியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போய், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அது முடிகிறவரை நிற்பாள். மேற்பார்வையாளர் ஒருநாள் எங்கே போகிறாய் என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றாள்.