பேரம் பேசாத சனிக்கிழமை

வீட்டு வாசலில் பழைய சாமான் விற்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மெஷின்களை ரோட்டுப் பக்கம் வைக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் ஆம்பளைகள் காரை நிறுத்துவார்கள். துணியைத் தரையில் போடக் கூடாது. ஸ்டிக்கரில் எப்போதும் இரண்டு மடங்கு விலை எழுத வேண்டும். எங்கள் ஓஹையோ மாநிலத்துக்காரன் ஸ்டிக்கர் விலைக்கு வாங்கியதாகச் சரித்திரமே கிடையாது. பத்து டாலர் சட்டியைக் கூசாமல் மூன்றுக்குக் கேட்பான்.

இந்த முறை கூப்பிட்டது என் தங்கை கோரலீன். அவள் பிள்ளை வெஸ்லி பெட்ரோல் பங்க் கழிப்பறையில், கையில் குத்திய போதை ஊசியோடு செத்துக் கிடந்தான். அடக்கம் செய்கிற கம்பெனிக்காரன் பணத்தைக் கட்டினால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டான். பிள்ளை குளிர்பெட்டியில் கிடக்க, அவள் கையில் இருந்ததெல்லாம் அவனுடைய ஷெட்தான். அது நிறையப் புல் வெட்டும் மெஷின், ஏணி, தூண்டில், ரம்பம்.

"பழசை வாங்கி ரிப்பேர் பண்ணி விப்பான்க்கா. கை ராசி அப்படி," என்றாள். நான் அடுத்த ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் முதலில் வருகிறவர்கள் வழக்கமாகப் பட்டணத்து வியாபாரிகள். அன்று அவர்களுக்கும் முன்னால் எங்கள் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டு பெர்னிஸ் நேராக ஏணியிடம் போனாள்.

"எவ்வளவு?"

"ஸ்டிக்கர்ல இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கறேன்," என்றாள் கோரலீன்.

"குறைக்க வேணாம். நல்லாத்தான் பத்திரப்படுத்தி வச்சிருந்திருக்கான் உன் பிள்ளை."

அவள் பணத்தை மேஜையில் வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாயை நாலு தையல் போட்டு மூடலாம் போலிருந்தது. பின்னால் வந்தவர்கள் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு சாமானை எடுத்தார்கள், சொன்ன விலையைக் கொடுத்தார்கள், அவளைக் கட்டிப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

"யாருமே பேரம் பேசலையேக்கா," என்றாள் கோரலீன். முகத்தில் அந்த வாரத்திலேயே முதல் முறையாகக் கொஞ்சம் தெளிச்சி. "வெஸ்லி மேல இவ்வளவு பிரியமா?"

"பின்ன?" என்றேன்.

அப்புறம் ஹார்லன் வந்தார், மூலை வீட்டுக் கிழவர். புல் வெட்டும் மெஷினைக் காட்டிப் பணத்தை நீட்டினார். கோரலீனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஹார்லன், அது ஓடாது. எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேன். உங்களை ஏமாத்த மாட்டேன்."

"ஓடும்மா."

பழக்க தோஷம். கிழவர் குனிந்து, இடது காலால் பெட்ரோல் டேங்கின் அடியில் ஓர் உதை விட்டு, மூடியை அரைத் திருகு தளர்த்தி, கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவர் அவசரமாக அதை அணைத்தார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"இது உங்களோடதா?"

"இப்போ வாங்கிட்டேன்ல. என்னோடதுதான்."

"ஹார்லன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "போன வருஷம் காணாமப் போச்சு. விடும்மா. புள்ளையை நல்லபடியா அடக்கம் பண்ணு."

அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார். கோரலீன் பாதி காலியாகிவிட்ட மேஜைகளைப் பார்த்தாள். ஏணி போன வீட்டைப் பார்த்தாள். ரம்பம் போன வீட்டைப் பார்த்தாள். பணத்தைத் தூக்கி எறிவாள், எல்லோர் வீட்டுக்கும் ஓடுவாள் என்று பயந்தேன். எறிந்தால் வெஸ்லிக்குச் சவப்பெட்டி கிடையாது.

"ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியலை," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதுல உன்னோடது எது?"

பொய் சொல்லலாமென்று பார்த்தேன்.

"தையல் மெஷின். விடியறதுக்கு முன்னாடியே எடுத்துக் காருல வச்சுட்டேன்."

"பணம்?"

"போட்டுட்டேன். ஸ்டிக்கர்ல இருந்தது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்கார்ந்து மேஜையிலிருந்த பணத்தை எண்ணினாள். அடுத்த கார் வந்து நின்றது. கோரலீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்போ பெட்டிக்கு ஆயிடும். செவ்வாய்க்கிழமை எடுத்துடலாம்," என்றாள்.