புறாவின் கண்ணில் விட்ட மருந்து

பிரான்சில் லிமோஜ் நகரத்திலிருந்து விட்ட புறாப் பந்தயத்தில் கீடோவின் புறா முதலாவதாக வந்துவிட்டது என்றதும் ஊர் முதலில் கைதட்டியது. பிறகு கண்ணடித்தது. மறுநாள் பேக்கரி வரிசையில் ஒருவன், “புறாவுக்கு என்னத்தை ஏத்தினானாம்?” என்று கேட்டான். ரொட்டி அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கீடோ சைக்கிள் பந்தயக்காரனாக இருந்தவன். கல் பாவிய மேடுகளில் அவன் ஏறுவதைப் பார்க்க பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி முழுக்க மழையில் குடை பிடித்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அதெல்லாம் சிறுநீர்ச் சோதனையில் ஊக்கமருந்து பிடிபட்ட அன்றோடு போயிற்று. தடை விதித்தார்கள், பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஓமெரின் கஃபேயில் தொங்கிய அவனுடைய படத்தைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு பியர் விளம்பரத்தை மாட்டினார்கள். இன்று அவனுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. வீட்டுப் பரணுக்கு மேல் புறாக்கூண்டு கட்டி, அதோடு பொழுதைக் கழிக்கிறான்.

ஜெயித்த ஆண் புறாவுக்கு ‘டானி’ என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி மார்லீன். டானி அவளுடைய தம்பி. கீடோவோடு ஒரே அணியில் சைக்கிள் ஓட்டியவன், பந்தயத்துக்குப் போன ஊரில், ஓட்டல் அறையில், கீடோவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தூக்கத்திலேயே செத்துப்போனவன். இருபத்து மூன்று வயது. புறாவுக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று கீடோ சொல்லிப் பார்த்தான். “என் தம்பி பேரு, நான் வைக்கிறேன். உனக்கென்ன?” என்று அவள் முடித்துவிட்டாள். அவன் அந்தப் புறாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புறா வீடு திரும்பும் நேரத்தில் மார்லீன் கூரையைப் பார்த்து “டானீ, டானீ” என்பாள். அவன் வேர்க்கடலை டப்பாவைக் குலுக்குவதோடு சரி.

கூண்டுக்குக் கீழே பரணில் டானியின் பயிற்சி உருளை இன்னும் கிடக்கிறது. சைக்கிளை அதன்மேல் ஏற்றி, இருந்த இடத்திலேயே மிதிக்கலாம். மிதித்தால் ‘உர்ர்ர்’ என்று ஒரே சீராக உறுமும். புறாக்கள் குமுறுவதும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான். மேலே குமுறுவது புறா என்று கீடோவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், ஏணியில் கால் வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் பரணுக்குள் தலையை நீட்டி, உருளை சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். டானி செத்த அதே கோடையில்தான் கீடோ சோதனையில் பிடிபட்டான். தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, “நான் எதுவும் எடுக்கலை. சளின்னு சொன்னதுக்கு வீட்டுல இருமல் மருந்து குடுத்தா. அதுல என்ன இருந்துச்சோ, எனக்கு என்ன தெரியும்?” என்றான். பெல்ஜியம் முழுக்கப் பார்த்தது. அந்த மருந்தில் இதயத்தை விரட்டும் சரக்கு ஒன்று இருப்பதாக மறுநாளே யாரோ ஒரு வைத்தியர் விளக்கினார். அவ்வளவுதான். ஊர் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டது. அக்காள் தம்பிக்கும் அதே மருந்தைத்தானே கொடுத்து அனுப்பியிருப்பாள்?

கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள். பாசத்தில், ஆளுக்கு ஒரு பாட்டில். அவளைப் பெற்றவள் அதன்பிறகு சாகும்வரை மகள் கையால் ஒரு வாய் காபி குடிக்கவில்லை. “அவனும் அதைக் குடிச்சானா கீடோ?” என்று மார்லீன் ஒரே ஒரு தடவை கேட்டாள். பாவி, “எனக்கு ஞாபகமில்லை” என்றான். முப்பது வருஷமாக அவளும் மறுபடி கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. இப்படியும் ஒரு குடும்பம் நடக்குமா என்றால், நடந்தது.

புறா ஜெயித்து மூன்று வாரம் கழித்து ஓமெர் வீட்டுக்கு வந்தான். கஃபே முதலாளி, ஊர்ப் புறாச் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். தொப்பியைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கீடோ, ஜெயிச்ச புறாவோட எச்சத்தைச் சோதனைக்கு எடுத்துட்டுப் போனாங்கல்ல? முடிவு வந்திருச்சு.”

“சரி, வந்தா என்ன?”

“கார்ட்டிசோன் இருக்குதாம். தடை பண்ணின மருந்து.”

கீடோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் முடியவில்லை. “சத்தியமா நான் எதுவும் குடுக்கலைய்யா!”

“இதே வாயால இதே வார்த்தையை நான் முன்னாடியே டிவியில கேட்டிருக்கேன்” என்றான் ஓமெர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். “ஞாயித்துக்கிழமை காலைல கஃபேயில சங்கக் கூட்டம். வந்து சொல்றதைச் சொல்லு.”

அவன் போன பிறகுதான் கீடோ மனைவியைப் பார்த்தான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பந்தயத்துக்கு முந்தின வாரம் அதுக்கு ஒரு கண்ணு சிவந்து தண்ணியா வடிஞ்சுது” என்றாள். “அன்னிக்கு நீ வைத்தியர்கிட்டப் போயிருந்த. என் கண்ணுக்கு எழுதிக் குடுத்த சொட்டு மருந்து வீட்டுல இருந்துச்சு. பந்தயக் கூடையில அடைச்சு அனுப்புற வரைக்கும் காலையும் சாயங்காலமும் விட்டேன். கண்ணுதானே, அது எப்படி உடம்புக்குள்ள போகும்னு நினைச்சேன்.”

புறா வளர்க்கிறவர்கள் எவரும் எந்தக் காலத்திலும் செய்யக்கூடிய தவறுதான். ஒரு கண் வீங்கிய புறாவைக் கண்டால் கையில் கிடைத்ததை விடுவார்கள். ஆனால் மார்லீனுக்கு அது அப்படித் தோன்றவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து, யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கை பட்டா எல்லாம் நாசமாப் போகுது கீடோ. முதல்ல தம்பி, அப்புறம் நீ, இப்ப இந்த வாயில்லாச் சீவன்.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் சொன்னது, “கவலைப்படாத, நான் பாத்துக்கிறேன்.” கோழை என்றால் கோழைதான். மலை மலையாக மிதித்து ஏறிய கால் இருந்து என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பழியைத் தானே ஏற்றுக்கொள்வது. இந்த ஒரு தடவையாவது அவள் பெயரை இழுக்காமல் இருந்தால், முந்தைய கணக்கு கொஞ்சமாவது தீரும் என்று நினைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், பூசணி விதையை எடுத்து வெளியே காட்டினால் போதும் என்று நினைத்த மாதிரி.

கஃபே நிறைந்திருந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்கள், பூசைக்கே போகாதவர்கள், எல்லோரும் பியரும் கடுகுச் சாந்து தொட்ட சீஸ் துண்டுகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீடோ எழுந்து நின்றான்.

“நான்தான் மருந்து விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை. தடை எத்தனை வருஷம்னு சொல்லுங்க, போறேன்.”

“அடேயப்பா, இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷம் உசிரோட இருந்தேன்” என்றான் கறிக்கடை எட்டியென்.

“பொய் சொல்றாரு.”

வாசலில் மார்லீன் நின்றாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “கண்ணுல மருந்து விட்டது நான். அவருக்குத் தெரியவே தெரியாது. என் கண்ணு மருந்து அது.”

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பிறகு எட்டியென் மேசையைத் தட்டினான். “அப்போ இருமல் மருந்து, இப்போ கண்ணு மருந்தா! ஏம்ப்பா கீடோ, நீ கட்டினது பொண்டாட்டியையா, மருந்துக்கடையையா?”

கஃபே வெடித்துச் சிரித்தது. ஓமெர்கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். நிஜத்தை நிஜமாகச் சொன்ன ஒரே ஆளைப் பார்த்து இத்தனை பேர் சிரித்தார்கள். மார்லீன் கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றாள். முப்பது வருஷப் பழக்கம் அது. ஈரக் கோட்டின் பைக்குள் இரண்டு கையையும் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கையை மறைத்ததைத்தான் கீடோவால் தாங்க முடியவில்லை.

“இருமல் மருந்து பொய்” என்றான்.

யாருக்கும் கேட்கவில்லை. “இருமல் மருந்து பொய்!” என்று கத்தினான். நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது.

“கீடோ, உக்காருப்பா. பேசிக்கலாம்” என்றான் ஓமெர்.

“உக்கார மாட்டேன். அந்தக் கோடையில நான் மாத்திரை முழுங்கினேன். யாரும் ஊட்டல, நானே வாங்கி நானே முழுங்கினேன். அவ குடுத்த பாட்டிலை மூடிகூடத் திறக்கல. இன்னிக்கு அவ சொல்றதுதான் நிஜம். அன்னிக்கு நான் சொன்னதுதான் பொய்.”

எட்டியென் கையிலிருந்த சீஸ் துண்டைத் தட்டில் வைத்தான்.

மார்லீன் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். “டானி?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

“அவனும் திறக்கல. ரெண்டு பாட்டிலையும் நான்தான் ஓட்டல் குப்பைக் கூடையில போட்டேன்.” கீடோ இப்போது அவளிடம் மட்டும்தான் பேசினான். “மாத்திரை போக ஊசியும் போட்டுக்கிட்டோம் மார்லீன். மூச்சு வாங்காம மிதிக்கறதுக்கு, ரத்தத்தைக் கெட்டியாக்குற ஊசி. அணி மொத்தமும் போட்டுக்கிச்சு. அதைப் போட்டா ராத்திரி ஒரேயடியாத் தூங்கக் கூடாது. நடுவுல அலாரம் வச்சு எழுந்து, உருளை மேல சைக்கிளை ஏத்தி மிதிக்கணும். இல்லைன்னா ரத்தம் உறைஞ்சு நெஞ்சு நின்னுரும். அன்னிக்கு அலாரம் அடிச்சுது. அவனை உலுக்கினேன். ‘மச்சான், இன்னிக்கு ஒரு நாள் தூங்கிக்கிறேனே’ன்னான். பச்சைப் புள்ளை மாதிரி கேட்டான். சரி தூங்குடான்னுட்டு நான் மட்டும் எழுந்து மிதிச்சேன். நான் மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவன்...”

கஃபேயில் குளிர்பெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. உர்ர்ர் என்று ஒரே சீராக. கீடோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

மார்லீன் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். அழுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடிப்பாள் என்று கீடோ நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

“அம்மா செத்துப் போயிட்டாளே கீடோ” என்றாள். “இதை இனிமே அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் மேலே கூண்டு வாசலில், கடலை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புறாக்களைப் பறக்க விட்டிருந்தாள். மற்றவை திரும்பி அடைந்துவிட்டன. ஜெயித்தது மட்டும் எதிர்க்கூரை உச்சியில், கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. சிவந்திருந்த கண் நன்றாக ஆறியிருந்தது.

கீடோ டப்பாவை எடுக்கக் கையை நீட்டினான். அவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“டப்பா இல்லாம கூப்பிடு. பேரைச் சொல்லி.”

“மார்லீன்...”

“என் பேரை இல்லை.”

அவன் எதிர்க்கூரையை நிமிர்ந்து பார்த்தான். இருமிவிட்டு, “டானி” என்றான். குரல் கூரை விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. புறா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவன் டப்பா தெரியும், குரல் தெரியாது. மறுபடியும், இன்னும் உரக்க, “டானி!” என்றான். அது தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. பார்த்ததே தவிர, இருந்த இடத்தை விட்டு எழவில்லை.

மார்லீன் எழுந்து ஏணியில் கால் வைத்தாள்.

“வர்ற வரைக்கும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு, டப்பாவோடு கீழே இறங்கிப் போனாள்.

தூறல் விழத் தொடங்கியது. கீழே சமையலறையில் அவள் காபி போடும் சத்தம் கேட்டது. கீடோ கூரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே நின்றான்.