இரண்டு கணப்புக்கு ஒரே புகைக்கூண்டு

வயதான ஏழைகளுக்கென்று அறக்கட்டளை விட்டிருக்கும் எங்கள் தர்ம வீடுகள் முற்றத்தைச் சுற்றி எட்டு. இரண்டிரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகு சாய்ந்தாற்போல, குளிர்காயக் கரி எரிக்கும் இரண்டு கணப்புகள். மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே செங்கல் புகைக்கூண்டு. கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்தான், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டில் இருமினாலும், நாற்காலியை நகர்த்தினாலும், கணப்பு வழியாகக் கேட்டுவிடும். தனியாகக் கிடக்கும் கிழங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கு எங்கே தெரியும், பாவம்.

மாபெல் டட்லோவுக்கு அடுத்த வீட்டுக்காரி டார்கஸ் பிப்ரவரிப் பனியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. மாபெல் நாற்காலியைக் கணப்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வசந்தத்தில் அறக்கட்டளை எழுத்தர் பெல்லமி வரைபடத்தோடு வந்தார்.

“உங்களுக்கு யோகம்தான் மிசஸ் டட்லோ. நடுச்சுவர்ல வழி திறந்து ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கித் தர்றோம். குளியலறை, வெந்நீர்க் குழாய், எல்லாம் உண்டு.”

“அப்ப டார்கஸோட கதவு?”

“அது இருக்கும். பழைய கட்டடமாச்சே, சட்டப்படி வெளியில எட்டுக் கதவும் தெரியணும். உள்பக்கம் செங்கல் வச்சு அடைச்சிடுவோம்.”

“கதவு இருக்கும், ஆள் இருக்காது. நல்லாயிருக்கு தம்பி! எனக்கு வெந்நீர் வேணாம். அங்க யாரையாவது குடி வைங்க.”

“குளியலறை இல்லாத வீட்டுக்கு இப்ப யார் வருவா?”

“தகரத் தொட்டியில குளிக்கிற ஆளாப் பாருங்க.”

“உனக்கென்ன பைத்தியமாடி? கழிப்பறைக்குப் பனியில ஓடுறது போதாதா?” என்று நான்கூடக் கத்தினேன். அவள் அசையவில்லை. என் பக்கத்து வீடும் காலிதான். அதை என் வீட்டோடு ஒன்றாக்க நான் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

இலையுதிர் காலத்தில் மாபெலுக்கு அடுத்த வீட்டில் அம்புரோஸ் கெட்ஜ் என்பவர் குடிவந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். மறுநாளே மாபெல் கேக் கொண்டுபோனாள். கதவு ஒரு சாண் திறந்தது.

“நான் நிம்மதியாத் தனியா இருக்கத்தான் இங்க வந்தேன்.”

கதவு மூடிக்கொண்டது. மாபெல் திரும்பி வந்து கணப்பைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். கசாப்புக்காரன் எலும்பாகக் கட்டிக் கொடுத்தது, மழை, முழங்கால் வலி, எல்லாம். ஒரு மாதம் பதிலே இல்லை.

ஒரு பிற்பகல் நான் அங்கே இருந்தபோது கணப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, நாள் பூரா யார்கிட்ட பேசுறீங்க?”

“உங்ககிட்டதான்.”

“நான்தான் பதிலே சொல்றதில்லையே!”

“நான் கேட்டேனா?”

அந்தப் பக்கம் கரி அள்ளும் சத்தம், வேண்டுமென்றே பலமாக. நான் வாயைத் திறக்கப் போனேன். மாபெல் உதட்டில் விரலை வைத்தாள். அவர் அள்ளி முடிக்கும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நான், கணப்புக்கு அந்தப் பக்கமும் நானே இருக்கும் என் வெந்நீர் வீட்டுக்குப் போனேன்.