அன்னையின் மடிமண்

மேற்கே ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலையின் புகைபோக்கிகளும் கிழக்கே பாடியின் இரும்பாலைக் கூரைகளும் எல்லை வகுத்து நிற்க, நடுவே வெயிலில் வெந்து கிடந்த அம்பத்தூர் ஏரியின் கரையோரத்துச் சுடுகாடு, அன்றைக்கு வேப்பிலைத் தோரணம் பூண்டு ஊரை எதிர்பார்த்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு, மாசித் திங்கள், மறைமதி நாள், உச்சி சாய்ந்த பொழுது. காற்று அசையவில்லை. நீர்விளிம்பில் ஒரு கொக்கும் இல்லை. கற்றறிந்தீர், கொக்கு இறங்காத ஏரியைக் கண்டால் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த ஊரில் எவரும் நின்று எண்ணவில்லை.

அங்காளம்மன் திருவிழாவில், சுடுகாட்டு நிலத்தின்மேல் அன்னையை மல்லாந்து கிடக்கும் கோலத்தில் ஈரமண்ணால் ஆக்குவது அப்பக்கத்து வழக்கம். பம்பையும் உடுக்கையும் முழங்க ஊர் திரண்டு வந்து, ஒரே பாய்ச்சலில் அந்த மண்ணை அள்ளிக் கொள்ளையிடும். அள்ளிய பிடியை நோயாளியின் நெற்றியில் இடுவர். குழந்தைகளின் நாவில் தடவுவர். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அன்னையின் மடிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விழுங்குவர். மயானக் கொள்ளை என்று அதற்குப் பெயர்.

அன்னையை ஆக்கும் பொறுப்பு வேம்புலியினுடையது. தந்தையைப் போலப் பிறர் வயலில் கூலிக்கு உழைக்காமல், பாடியில் தகடு அழுத்தும் பொறியொன்றில் வேலை பெற்றுப் பெருமையோடு வாழ்ந்தவன் அவன். ஒரு நாள் அந்தப் பொறி அவன் வலக்கையின் மேல் இறங்கி மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் இரண்டு ஆண்டுகள், இனி நான் யாருக்கு ஆவேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். முன்பு அன்னையை ஆக்கிவந்தவர் இறந்தபோது, சும்மா இருப்பவன்தானே என்று எவரோ அவனைக் கைகாட்டினர். எஞ்சிய ஏழு விரல்களையும் மண்ணில் வைத்த அக்கணத்தில், சிறுவயது முதல் அவன் நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்த முகங்களெல்லாம் வழி கண்டாற்போலக் கைக்கு இறங்கி வந்தன. இதற்காகவே அம்மா என்னை மிச்சம் வைத்தாள் என்று அன்று வாய்விட்டு அழுதான்.

இது ஐந்தாம் ஆண்டு. இம்முறை அவன் நினைவில் எழுந்தது பொன்னிறத்து முகம். அந்த நிறத்தைத் தேடித் தேடி அலைந்தவன், இரும்புக்கு மெருகேற்றும் ஒரு பட்டறையின் கழிவுக்கால் ஏரியில் கலக்கும் மூலையில், அரைத்த மஞ்சளை அப்பி வைத்தாற்போன்ற சேற்றைக் கண்டான். அதில் புல் முளைக்கவில்லை, புழு நெளியவில்லை. அழுக்கே அண்டாத மண் என்று மகிழ்ந்து கூடை கூடையாகச் சுமந்தான். பத்து நாள் பிசைந்தான். ஏழாம் நாள் அவன் விரல்களைச் சுற்றி மிளகளவு குழிகள் விழுந்தன; அவற்றில் வலியும் இல்லை. அம்மா முத்துப் போட்டிருக்கிறாள் என்று மெய்சிலிர்த்து, வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு, அந்தக் கைகளாலேயே மறுபடியும் பிசைந்தான். ஐயோ, அவன் பேதைமையை நினைத்தால் நமக்கு நெஞ்சு பதைக்கிறது.

நண்பகலில் அவன் மனைவி பொன்னியம்மா கஞ்சி கொண்டுவந்தாள். மணமாகி ஒன்பது ஆண்டாகியும் மடி நிறையாதவள். கிடந்த கோலத்தில் தகதகத்த அன்னையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மடி மண்ணு மொதல்ல எனக்குத்தான்யா."

"ஊரோட ஊரா வந்து எடு மே. முன்னாடி தொட்டா குத்தம்."

அவள் சிரித்தாள். அவன் புருவம் திருத்துவதில் மூழ்கியிருந்தபோது, அன்னையைச் சுற்றி வந்து மறுபுறம் சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டு, கஞ்சிக் கலத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தொலைவில் பம்பை முழங்கத் தொடங்கிய வேளையில், அந்த மெருகுப் பட்டறையில் வேலை செய்யும் தாட்சாயிணி ஊருக்கு முந்திக் கும்பிட வந்தாள். கும்பிட்ட கை பாதியில் நின்றது.

"அண்ணாத்தே, இன்னா மண்ணு இது? எங்க கம்பெனி தொட்டித் தண்ணி மாரியே மஞ்சளா கீது!"

"அம்மா குடுத்த மண்ணு தாயி. பாரு, கையில முத்துகூட போட்டுக்கீறா."

அவள் தன் கைகளை விரித்துக் காட்டினாள். அதே குழிகள், அதே இடங்களில்.

"எங்க பட்டறைல கீற அத்தினி பேருக்கும் இப்டிதான் கீது. அம்மையும் இல்ல, முத்தும் இல்ல. இரும்ப முக்கி எடுக்கற தண்ணி, மோரி வழியா ஏரிக்குதான் வருது. போன மாசம் அத்தக் குடிச்ச நாயி பொழுது சாயறதுக்குள்ள செத்துப்போச்சு. இத்தப் போயி புள்ளைங்க வாயில வெப்பாங்களே, அண்ணாத்தே!"

வேம்புலி தன் கைகளைப் பார்த்தான். பத்து நாள் கொண்டாடிய அருள் ஒரே நொடியில் புண்ணாகிப் போயிற்று. ஊர்வலம் வளைவு திரும்பிவிட்டது; முன்வரிசையில் குழந்தைகளை இடுப்பில் ஏந்திய தாய்மார் வந்தனர். கத்தினால் பம்பை ஓசையில் எவர் செவிக்கு எட்டும்? எட்டினாலும், மயக்கத்தில் உளறுகிறான் என்று தள்ளிவிட்டுப் பாய்வார்கள். ஒரே ஒரு குரலுக்குத்தான் அந்தக் கூட்டம் நிற்கும். அன்னையின் அந்தக் குரலோ அவன் மேல் ஒருநாளும் இறங்கியதில்லை. தாயே, உன் பெயரால் பொய் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டியபடி அன்னையின் மார்பின்மேல் பாய்ந்து விழுந்தான்.

"நில்லுங்கடா! எவனும் என்னத் தொடக் கூடாது!"

பம்பை அடங்கிற்று. பூசாரி உலகநாதன் கைகுவித்து முன்வந்தார். "தாயே, நாங்க இன்னா குத்தம் செஞ்சோம்?"

"என் ஏரில நஞ்ச வுட்டான், பாத்துகினு இருந்தீங்க! கொக்கு செத்துது, மீனு செத்துது, பாத்துகினு இருந்தீங்க! இப்ப என் மடியிலயே நஞ்சுடா! இத்த வாயில வெச்சா உன் புள்ள மண்ணுக்குப் போவும். குழி வெட்டி என்ன மூடுங்க!"

தொடங்கும்போது அது பொய்தான். ஆனால் கொக்கைப் பற்றியும் மீனைப் பற்றியும் அவன் முன்னே எண்ணியவன் அல்லன். அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவனும் அறியான். அவன் கற்பனை பேசிற்றோ, அன்னையே பேசினாளோ, சொல்லத் துணியேன். கூட்டம் மண்ணில் விழுந்து கும்பிட்டது. பின் ஆடவர் மண்வெட்டி எடுத்தனர். பெண்கள் வெறுங்கையோடு அழுதனர். அவர்கள் இடுப்பிலிருந்த குழந்தைகள் பிழைத்தன.

சோர்ந்து கிடந்த வேம்புலியின் தலையைப் பொன்னியம்மா வந்து மடியில் ஏந்தினாள். அந்தக் கூட்டத்தில் விழுந்து கும்பிடாதவள் அவள் ஒருத்தியே.

"நீதான்யா பேசின," என்றாள் மெல்ல. "எனக்குத் தெரியாதா உன் கொரலு? ஏன்யா அப்டி பண்ண?"

"நெசமாவே நஞ்சு மே. தாட்சாயிணிதான் காட்டிச்சு. நல்லவேள, யாரும் தொடல."

 வேர்வை துடைத்த அவள் விரல்களை அப்போதுதான் அவன் பார்த்தான். நகக்கண்களில் மஞ்சள் படிந்திருந்தது.

"மத்தியானமே எடுத்துட்டேன்யா," என்றாள். "ஒரு சிட்டிகை பத்தாதுன்னு, மூணு வாட்டி முழுங்கினேன்."

நம்பிக்கை ஒருவனை மண்ணிலிருந்து எழுப்பி நிறுத்தும். நின்றபின் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று குனிந்து பார்ப்பது அவன் கடனாகும். ஊருக்காக அக்கடனை இறுதியில் ஆற்றியவன், தன் வீட்டுக்கு ஆற்றச் சில நாழிகை பிந்திவிட்டான். அரசு மருத்துவமனைக்குப் போகும் வண்டியை மறிக்க, அவளைத் தோளோடு அணைத்துப் பெருஞ்சாலை நோக்கி ஓட்டமும் நடையுமாய்ச் சென்றான். பின்னால் பொன்முகத்தின்மேல் மண் விழும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. வாழ்நாளெல்லாம் அவன் நெஞ்சில் ஓயாமல் தோன்றிய முகங்களில், அந்த மாலை ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவளின் முகம் மட்டுமே இருந்தது.