முதல் லேபிள்

வியாழக்கிழமை மதியம் லாரி திரும்பி வந்தது. குத்தம்பாக்கம் கிடங்கில் எங்கள் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். முப்பத்தெட்டாவது பெட்டியை ஸ்கேன் செய்தபோது உதிரிப்பாகத்தின் எண் வரவில்லை. வேறு ஏதோ வந்திருக்கிறது. மொத்த லோடையும் திருப்பிவிட்டார்கள்.

மேலாளர் பார்த்தசாரதி போனை நீட்டினார். கிடங்கிலிருந்து திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். "குடை எடுத்துக்கோ."

அதை எழுதியவன் நான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிப்பாகங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் சிறிய கம்பெனி எங்களுடையது. பார்கோடு புரோகிராம் என் பொறுப்பு. எண்ணோ சொல்லோ கொடுத்தால் அதைக் கோடுகளாக மாற்றிப் படமாக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று கறுப்புக் கோடு, மூன்று வெள்ளை இடைவெளி. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். ஸ்கேனரை வைத்தால் கோடுகள் திரையில் மறுபடி எழுத்தாகும். தினமும் காலையில் பிரிண்டரைப் போட்டதும் சோதனைக்கு ஒரு லேபிள் வரும். பேக்கிங் மேஜையில் இருப்பவர் அதை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அந்த மேஜையில் ரெனிதா இருந்தாள். என் மனைவி. சோதனை லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தினம் ஒன்று எழுதினேன். பதினான்கு எழுத்தைத் தாண்டினால் கோடுகள் நெருங்கிவிடும், ஸ்கேனர் படிக்காது. பதினான்குக்குள் சண்டையும் நடந்தது, சமாதானமும் நடந்தது. மற்ற லேபிள்களில் கோட்டுக்குக் கீழே எண்ணும் அச்சாகும். சோதனை லேபிளில் மட்டும் அதை நிறுத்தியிருந்தேன். வேறு யாரும் படிக்கக் கூடாது.

நவம்பரில் ஒரு நாள். மழை. மதியம் அவள் தபால் நிலையம் போக இருந்தாள். குடை எடுத்துக்கோ என்று எழுதினேன். மறுநாள் காய்ச்சல். டெங்கு. ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

அதன்பின் அந்த வரியை நான் தொடவில்லை. ஏழு மாதமாகத் தினமும் அதுவே அச்சாகிறது.

இப்போது அந்த மேஜையில் சாவித்திரி அக்கா. கள்ளிக்குப்பத்திலிருந்து வருகிறார். ஒப்பந்த வேலை.

"கீழ நம்பரே இல்லாத லேபிள். அதுகூடவாம்மா தெரியல?" என்று அவரைக் கேட்டார் பார்த்தசாரதி.

"ரோலு மாட்டிகிச்சு சார். ஆஃப் பண்ணிப் போட்டேன். நடுவுல இது வந்துகீது. கோட்டப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் சார் கீது."

"நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தினமும் காலையில் அந்தத் திரையைப் பார்ப்பவர் அவர்தான். யார் எழுதியது, யாருக்கு என்று தெரியாமல் இருக்காது.

"என் தப்பு சார்," என்றேன்.

"உன் தப்பு எப்படி?"

"கீழ எழுத்து வராம நிறுத்தினது நான். வந்திருந்தா அக்கா கவனிச்சிருப்பாங்க."

"எதுக்கு நிறுத்தின?"

ஏழு மாதமாக அவள் பெயரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

"ரெனிதாவுக்கு எழுதினது சார். அவ மட்டும் படிக்கறதுக்கு."

பார்த்தசாரதி போனைச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். "இன்னைக்கே மாத்திடு ஜாபஸ். கிடங்குக்கு நீயே மெயில் போடு, உன் தப்புன்னு." அக்காவிடம், "நீங்க போய் வேலையப் பாருங்கம்மா," என்றார்.

புரோகிராமைத் திறந்தேன். வரியை அழித்தேன். டெஸ்ட் என்று அடித்தேன். கீழே எழுத்தும் அச்சாகும்படி மாற்றினேன். நான்கு நிமிட வேலை.

லேபிளை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். அக்கா ஸ்கேன் செய்தார்.

"இன்னா நைனா, டெஸ்ட்டுன்னு வருது. இனிமே குடை எடுக்க வேணாமா?"

லேபிளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"மே மாச வெயில்லகூட தெனம் குடை குடைன்னு உசுர வாங்குச்சு உன் மெசினு. நானும் சரி, சொல்லுதேன்னு எடுத்துகினே வந்தேன்."

மேஜைக் காலில் அவர் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நகர்த்தினார்.

"கீய குனிஞ்சு பாரு."

மேஜைப் பலகையின் அடிப்புறம் முழுக்க லேபிள்கள். வரிசை வரிசையாக. குப்பைக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு ஒட்டி வெச்சது. வந்த அன்னிக்கே பாத்தேன். ஒண்ணுகூடப் பிய்க்கல."

ஸ்கேனரின் ஒயரை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெறும் கோடுகள். நான் எழுதியவைதான். எனக்கே படிக்கத் தெரியாது. கையில் பட்ட ஒன்றின்மேல் ஸ்கேனரை வைத்தேன். மேலே பீப் என்றது. அங்கிருந்து திரை தெரியவில்லை.

அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "மீன்... வாங்... கட்டா. வாங்குனியா?"

"வாங்கினேன்."

"இன்னா மீனு?"

யோசிக்க வேண்டியிருந்தது.

"சங்கரா. முள்ளுன்னு திட்டினா."

"பின்ன திட்டாம? வஞ்சிரம் வாங்க வலிச்சுதா? சரி, அடுத்தத வையி."

ஸ்கேனரை அடுத்த லேபிளுக்கு நகர்த்தினேன்.