ஒன்பதாம் நாற்காலி

"வேலைதான் காரணம்னா உனக்கும் வந்திருக்கணுமே? ரெண்டு பேருக்கும் ஒரே ஹால், ஒரே ஹெட்போன், ஒரே சம்பளம். நீ கல்லு மாதிரி நிக்கிற. உன் தங்கச்சி மட்டும் படுத்துட்டா. அவ சுபாவம் அப்படிம்மா. அதுக்கு கம்பெனி என்ன பண்ணும்?"

மேனேஜர் தங்கையின் மருத்துவச் சான்றிதழை விரல் நுனியால் அக்காவின் பக்கம் தள்ளினார். மனச்சோர்வு, இரண்டு மாத ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"லீவு கிடையாது. திங்கட்கிழமை வரணும். இல்லைன்னா ராஜினாமா. அதுவரைக்கும் அவ சீட்டை நீ பாரு."

சரவெடி விருட்டென்று வெளியே வந்தாள். அது அலுவலகம் வைத்த பெயர். வாஷிங் மெஷின் புகார்ப் பிரிவில், வாடிக்கையாளர் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்பவள். புகார்களை மளமளவென்று முடித்துவிடுவதால் அவள் வேலை பிழைத்திருந்தது.

தங்கையின் ஒன்பதாம் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

முதல் அழைப்பு, வசவு. இரண்டாவது, அதைவிடப் பெரிய வசவு. மூன்றாவது ஆள் அவள் அப்பாவை இழுத்தார். சரவெடி அவருடைய தாத்தாவரை போய் வந்தாள். மதியம்வரை 'வணக்கம்' என்று ஆரம்பித்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த குரல் சட்டென்று தயங்கியது. "நீ யாரும்மா? எப்பவும் இருக்கற பொண்ணு எங்க? எவ்ளோ திட்டினாலும் 'சரிங்க சார்'னு கேட்டுக்குமே, அதைக் கூப்பிடு!"

சரவெடி ஹெட்போனைக் கழற்றினாள். பக்கத்து சீட்காரியின் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, கத்தறதெல்லாம் எனக்கே வருது?"

"தெரியாதாக்கா? கத்தறவங்களை எல்லாரும் ஒன்பதுக்குத்தான் தள்ளிவிடுவோம். மேனேஜர் சொன்னதுதான். அவ திருப்பிப் பேச மாட்டாளாம், பொறுமைசாலியாம்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"உங்களுக்கு எதுக்குக்கா? உங்ககிட்ட கத்தறவன் அவனே போனை வச்சிட்டு ஓடிடுவானே!"

ஒரே வேலையாம்! தெருவிலுள்ள சாக்கடையை எல்லாம் ஒரு வாசலில் திருப்பிவிட்டு, அந்த வீட்டுக்காரிக்கு மூக்கு சரியில்லை என்கிறார் மேனேஜர்!

அடுத்த அழைப்பு ஆங்காரத்தோடு வந்தது. "ஒரு நிமிஷம் சார். பெரியவர்கிட்டயே கொடுக்கறேன்."

மேனேஜரின் எண்ணை அழுத்தினாள்.

கண்ணாடி அறைக்குள் மணி அடித்தது. எடுத்தவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வைத்தார். மறுபடி மணி. அனுப்பியது பக்கத்து சீட்காரி. மறுபடி. இப்போது பின்வரிசை முழுவதும்.

சரவெடி கதவைத் தள்ளித் திறந்தாள். "ஒரே கம்பெனி, ஒரே போன். உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது? சுபாவமா?"

மணி ஓயவில்லை. அவர் வியர்வையோடு வியர்வையாக லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் தங்கை போர்வைக்குள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

"லீவு கிடைச்சாச்சுடி. ஒன்பதுக்குத் தள்ளிவிடறதையும் நிறுத்தியாச்சு. எனக்கு எல்லாம் தெரியும்."

போர்வைக்குள்ளிருந்து மெல்லிய குரல். "மேனேஜரை ரொம்பத் திட்டிட்டியாக்கா? பாவம்."

பாவமா? வாய்வரை வந்ததைச் சரவெடி வாழ்க்கையில் முதல்முறையாக விழுங்கினாள். தொண்டையெல்லாம் எரிந்தது.

இதையா இவள் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தாள்?