தங்கம் சித்தி இல்லாத ஊர் வரலாறு

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், மேடையேறுவதற்குச் சற்று முன்புதான் உமாமகேஸ்வரி புத்தகத்தைப் பிரித்தாள். 'நாணற்குறிச்சி: வரலாறும் நன்மக்களும்'. தாமிரபரணிக் கரையிலுள்ள அந்தச் சின்ன ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறியவர்கள் சேர்ந்து போட்ட மலர். ஆற்றைப் பற்றிய கட்டுரையை எழுதியவள் உமா. விழாவில் வாசிக்கப் போகிறவளும் அவளே.

கட்டுரை இருந்தது. அதில் தங்கம் சித்தி இல்லை.

ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் முங்கிச் செத்தான் சித்தியின் ஒரே மகன் ரஞ்சன். காரியம் முடிந்த மறுநாளே சித்தி லாரிப் பாதையில் போய் உட்கார்ந்தாள். அடித்தார்கள், சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவள் நேராகப் போய் அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு ஊரே வந்து உட்கார்ந்தது. லாரிகள் நின்றன. இப்போது அச்சில், 'தொழிலதிபர் கோவிந்தசாமி அவர்களின் பெருமுயற்சியால் ஆறு காப்பாற்றப்பட்டது' என்றிருந்தது. அந்த லாரிகளே கோவிந்தசாமியுடையவை. சிறப்பு விருந்தினராக, கழுத்தில் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் அவர்.

உமா புத்தகத்தோடு எழுந்தாள். ஊர்ச் சங்கத் தலைவர் தனசேகரனைத் தேடிப் பிடித்தாள்.

"யாருண்ணே மாத்தினது?"

"கமிட்டி முடிவும்மா. அவரு ஊர்லேருந்து வந்திருக்காரு. ஃபங்ஷன் நல்லபடியா முடியட்டும். சித்தியப் பத்தி அடுத்த தடவை போட்டுக்கலாம்."

"பொய்ய எழுதி எம்பேரப் போட்டிருக்கீங்க!"

"கத்தாதம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

மேடையேறினாள். "இது நான் எழுதினதில்ல. ஆத்தக் காப்பாத்தினது எங்க தங்கம் சித்தி. மணல அள்ளினது இதோ, இவரு" என்றாள். யாரோ மைக்கை அணைத்தார்கள். உமா தெம்பனிஸ் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியை. திடலின் மறுமுனைக்குக் கேட்கிற குரல். நிறுத்தவில்லை.

கோவிந்தசாமி பக்கத்திலிருந்தவரிடம் சிரித்தார். "பொம்பளைங்க, உணர்ச்சிவசப்படத்தான் செய்வாங்க."

அந்தச் சிரிப்புதான் அவளைக் கீழே இறக்கியது. அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"அந்தப் பிள்ள பேரு என்ன? சொல்லுங்க. ஒங்க பள்ளத்துல செத்தானே, அவன் பேரு என்ன?"

அவர் கைப்பேசியை எடுத்து அதையே பார்த்தார்.

"ரஞ்சன்!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள்.

மூன்றாம் வரிசையில் ஜவுளிக்கடை ஒலி முகம்மது எழுந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்; புத்தகத்தில் அவருக்கும் ஒரு பக்கம் உண்டு, படத்தோடு. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தனசேகரன் கையில் திணித்து, கோவிந்தசாமியைக் காட்டினார். "இந்தாளு இருக்கற புத்தகத்துல நான் இருக்க மாட்டேன்" என்று வெளியேறினார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பேர் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். அவர்களையும் உமா நின்று பார்த்தாள், ஒவ்வொரு முகமாக.

வாசலுக்கு வந்து ஊருக்குப் போன் போட்டாள்.

"சித்தி, ஒங்க பேர எடுத்துட்டாங்க."

"எம்பேரு கெடக்கட்டும். ரஞ்சன் பேரச் சொன்னியாட்டி?"

"கோவிந்தசாமி மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்."



"அந்த லாரிக்காரன் திரும்ப இங்கனதான வரணும்" என்றாள் சித்தி. "வரட்டும்."